டேனிஷ் கோட்டையின் பற்றுவரவு

ஆண்டுக் குத்தகை 3,111 ரூபாய். நிலம் 5 மைல் நீளம், 3 மைல் அகலம். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க்காரர்களுக்குத் தரங்கம்பாடியை விட்டுக்கொடுத்த கணக்கு இவ்வளவுதான். பெருக்கிப் பார்த்தால் 15 சதுர மைல், ஏக்கரில் 9,600. ஏக்கருக்கு ஐந்தணாச் சொச்சம் விழுகிறது. மூவாயிரத்தோடு நிறுத்தாமல் 111 எதற்கு என்று கேட்கத் தோன்றும். மொய் எழுதும்போது நூறோடு ஒன்று சேர்த்து எழுதுகிற கை நம்முடையது.

ரூபாய் என்று எழுதினாலும் அன்றைய தஞ்சாவூர்ச் சீமையில் புழங்கியது பொன்னும் பணமும்தான். பின்னாளில் டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியில் தங்கள் அரசர் முத்திரையோடு காசடித்தார்கள். அவர்கள் வாய்ப்பாட்டில் 80 காஸ் ஒரு ஃபனோ, 8 ஃபனோ ஒரு ரூபாய். காஸ் நம் காசு, ஃபனோ நம் பணம். அந்த வாய்ப்பாட்டின்படி ஒரு ரூபாய்க்கு 640 காசு. ஓராண்டுக் குத்தகையைச் சில்லறையாகவே கட்டுவதென்றால் 19,91,040 காசு எண்ண வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் சுண்டுவிரல் நகமளவு காசுகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும்போது இந்தப் பெருக்கல் நினைவுக்கு வந்தால், அன்றைய கணக்குப்பிள்ளைகள்மேல் கொஞ்சம் இரக்கம் வரும்.

விருத்தாசலத்துக்குத் தெற்கே கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தரங்கம்பாடி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ராணுவக் கோட்டை என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அது முதலில் சிறியதாகத் தெரியும். கடலைப் பார்த்த பக்கம் சுமார் 60 மீட்டர். நம் ஊர் நெல் மண்டிகளில் இதைவிட நீளமானவை உண்டு. ஆனாலும் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டைகளில், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டால் பேர்பெற்ற குரோன்போர்க்குக்கு அடுத்த பெரிய கோட்டை இதுதான் என்கிறார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் டேன்ஸ்போர்க். நாயக்கரோடு செய்த ஒப்பந்தத்தில் அவர்கள் வாங்கிய அனுமதி 'ஒரு கல் வீடு' கட்டிக்கொள்ள. அந்தக் கல் வீட்டைச் சுற்றி மதில் வந்தது, கொத்தளம் வந்தது, அகழி வந்தது, அகழிமேல் தூக்குப்பாலம் வந்தது. அகழியில் இன்று மிச்சம் ஒன்றுமில்லை. தூர்ந்து தரையோடு தரையாகிவிட்டது.

செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். கோட்டையின் விலையில் செங்கலும் சுண்ணாம்பும் கொஞ்சம்தான். 1616இல் அரசர் நான்காம் கிறிஸ்டியன் ஆதரவில் கோபன்ஹேகனில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்குகிறது. 1618இல் 'ஓரெசுண்ட்' என்ற சிறு கப்பல் முன்னோட்டமாகக் கிளம்புகிறது. பின்னாலேயே நவம்பரில் ஓவே ஜெட்டே தலைமையில் பெரிய கப்பல்கள் புறப்படுகின்றன. தளபதி ஜெட்டேக்கு அப்போது 25 வயதுகூட ஆகவில்லை. போக நினைத்த இடம் தரங்கம்பாடி அல்ல, இலங்கை. கண்டி அரசருக்குப் போர்த்துக்கீசியரை விரட்டப் படை வேண்டும், பதிலுக்கு மிளகும் இலவங்கப்பட்டையும் கிடைக்கும் என்பது திட்டம். ஒன்றரை ஆண்டு கடலில் கழித்து 1620 மே மாதம் இலங்கை வந்து சேர்ந்தபோது, கண்டி அரசர் போர்த்துக்கீசியரோடு சமாதானம் பேசி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. கப்பலில் ஏறியவர்களில் பாதிக்கு மேல் வழியிலேயே செத்திருந்தார்கள்.

முன்னால் போன ஓரெசுண்ட் அதைவிட மோசம். காரைக்கால் கரையோரம் போர்த்துக்கீசியர் அதை அடித்து மூழ்கடித்தார்கள். மாலுமிகள் இருவரின் தலையைக் கழியில் செருகிக் கடற்கரையில் நட்டுவைத்தார்கள், அடுத்து வருகிறவனுக்கு எச்சரிக்கையாக. ரோலண்ட் கிராப்பே என்ற டச்சுக்காரரும் 13 மாலுமிகளும் கரையேறிப் பிடிபட்டு, தஞ்சாவூர் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கைதியாகப் போனவர் அங்கே வியாபாரம் பேசினார். 1620 நவம்பரில் உடன்படிக்கை கையெழுத்தானது. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னோலையில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒரு கப்பல் முழுகியது, மற்றவற்றில் பாதி ஆள் போனார்கள், கைக்கு வந்தது ஒரு மீன்பிடி கிராமமும் 3,111 ரூபாய்க் கடனும்.

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று நம் ஊரில் சொல்வது டேன்ஸ்போர்க்குக்கு எழுதிவைத்தது போலப் பொருந்துகிறது. குத்தகை கால் பணம். அதை வாங்க வந்த வழிச்செலவும், வாங்கியதை வைத்திருந்த செலவும்தான் முக்கால் பணம்.

அந்தக் கால் பணத்தையே அவர்களால் கட்ட முடியவில்லை. உடன்படிக்கை ஆகி ஏழே ஆண்டு, 1627. கம்பெனியிடம் மிச்சம் மூன்று கப்பல். நாயக்கருக்குக் குத்தகைப் பாக்கி. 1648இல் நான்காம் கிறிஸ்டியன் இறக்கும்போது கம்பெனி திவால். 1650இல் அவர் மகன் மூன்றாம் ஃபிரெடெரிக் கம்பெனியையே கலைத்துவிட்டார். கோபன்ஹேகன் பேரேட்டில் அத்தோடு கணக்கு மூடப்பட்டது. தரங்கம்பாடியில் மூடப்படவில்லை. அங்கே இன்னும் ஆள் இருந்தார்கள், கொடி பறந்தது.

1655 வாக்கில் கோட்டையில் மிஞ்சியிருந்த டென்மார்க்காரர்களின் எண்ணிக்கை 1. அந்த ஒருவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே. சாதாரணக் குடும்பத்து ஆள், எழுதப் படிக்கத் தெரியாதவர். மேலதிகாரிகள் எல்லாரும் செத்தோ ஓடியோ போனபின் கோட்டை அவர் தலையில் விழுந்தது. குத்தகை வரவில்லை என்று நாயக்கரின் படை திரும்பத் திரும்ப வந்து முற்றுகையிட்டது. அவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். வங்காள விரிகுடாவில் போய்வந்த கப்பல்களைப் பிடித்தார், சரக்கை விற்றார், விற்ற காசில் கோட்டையைச் செப்பனிட்டார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கடைசியில் நாயக்கரோடு பேசிப் பாக்கியையும் ஒருவழியாகத் தீர்த்துக்கொண்டார். கடற்கொள்ளைதான், வேறு பெயர் கொடுக்க வேண்டியதில்லை. முதலாளி கம்பெனியே இல்லாத ஒரு கிளையை, சம்பளம் வராத ஓர் ஊழியர் 14 ஆண்டு நடத்தியிருக்கிறார். 1669 மே மாதம் 'ஃபேரோ' என்ற கப்பல் கோபன்ஹேகனிலிருந்து வந்து சேர்ந்தபோது தாய்நாட்டோடு தொடர்பு அறுந்து ஏறக்குறைய 30 ஆண்டு ஆகியிருந்தது. அவரையே ஆளுநராக நியமித்தார்கள். இந்தக் கோட்டையின் 225 ஆண்டு டேனிஷ் வரலாற்றில் எனக்குப் பிடித்த ஆள் இவர்தான். தலைகீழாகப் போன ஒரு பேரேட்டை, எழுதத் தெரியாத ஒருவர் நிமிர்த்தியிருக்கிறார்.

சுற்றுவட்டாரத்தில் மற்றவர்கள் கொடுத்த விலையோடு வைத்துப் பார்த்தால் 3,111 எந்த இடத்தில் நிற்கிறது? சென்னைக்காக ஆங்கிலேயர் கோல்கொண்டாவுக்கு 1672 முதல் ஆண்டுக்கு 1,200 வராகன் கட்டினார்கள். வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்ற பிற்கால விகிதத்தில் 4,200 ரூபாய். கல்கத்தாவாக மாறிய மூன்று கிராமங்களின் ஜமீன் உரிமை 1698இல் 1,300 ரூபாய்க்குக் கைமாறியது. எல்லாவற்றிலும் மலிவு பம்பாய். இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் சீதனமாக வந்த தீவைப் பராமரிக்கும் செலவு தாங்காமல் 1668இல் ஆண்டுக்கு 10 பவுண்ட் வாடகைக்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தள்ளிவிட்டார். நம் கடலூர்க் கணக்கு தனி ரகம். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து வாங்கியபோது பேசிய எல்லை, பீரங்கிக் குண்டு விழும் தூரம். செப்டம்பர் 23 அன்று நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு போன தூரத்துக்குள் கடலூர் ஊரே அடங்கிப்போனது. குண்டு கிராமங்கள் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. குண்டு உப்பலவாடிக்குப் பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறவர்கள் அந்த நில அளவையைத்தான் தெரிந்தோ தெரியாமலோ சொல்லிக் கேட்கிறார்கள். அந்தக் கோட்டை, புனித டேவிட் கோட்டை, 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபோது தென்னிந்திய ஆங்கிலேயருக்கே தலைமையிடமாக இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து வெடிவைத்துத் தகர்த்தார். இன்று கெடிலம் கழிமுகத்தருகே சுவரும் இடிபாடும்தான்.

நிலத்தை மலிவாக வாங்கியவர்கள் கோட்டையை மலிவாகக் கட்டவில்லை. பிளாசிப் போருக்குப் பின் 1758இல் தொடங்கி 1781இல் முடித்த கல்கத்தாவின் புதிய வில்லியம் கோட்டைக்கு ஆன செலவு 20 லட்சம் பவுண்ட் என்பார்கள். அதற்கப்புறம் அந்தக் கோட்டையை எதிரி எவனும் வந்து தாக்கவேயில்லை. 20 லட்சத்துக்குக் கட்டியும் சுடாத கோட்டை, செலவில்லாமல் கட்டியும் பதினான்கு வருஷம் முற்றுகை தாங்கிய கோட்டை, இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் ராணுவப் பொறியாளர்களுக்குப் பிடிக்காது.

டேன்ஸ்போர்க்கின் கட்டட வேலையில் சாமர்த்தியம் இல்லாமல் இல்லை. மேல்தளத்தில் ஒட்டகத் திமில் போல நான்கு கவிகை மாடங்கள். நான்கின் பாரத்தையும் நடுவில் ஒரே தூண் தாங்குகிறது. தேக்கு உத்திரம் ஒன்றுகூட வேண்டாத வடிவம். கீழ்த்தளத்தில் சரக்கறை, சமையற்கட்டு, சிறை, சிப்பாய்கள் தங்குமிடம். மேலே ஆளுநர், பெரிய வணிகர்கள், பாதிரியார். ஒரே கூரைக்குக் கீழே கிட்டங்கியும் கோவிலும் சிறையும் அலுவலகமும் இருந்திருக்கின்றன. எனக்கென்னவோ இது கோட்டையாகப் படவில்லை. காவல் போட்ட கிட்டங்கி என்றுதான் படுகிறது. அறைகளின் இடக்கணக்கே அதைச் சொல்கிறது. சிப்பாய்க்குக் கிடைத்ததைவிடச் சரக்குக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது.

இனி வரவுப் பக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் டென்மார்க்குக்கு நல்ல காலம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் ஒருவர் கப்பலை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தபோது, யார் சண்டையிலும் சேராத டென்மார்க் கொடிக்குக் கிராக்கி வந்தது. இன்னொரு பக்கம் தேயிலை. 1732இல் தொடங்கிய டேனிஷ் ஆசியக் கம்பெனி சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலையில் பெரும் பங்கு இங்கிலாந்துக்குள் கள்ளத்தனமாகப் போனது. அங்கே தேயிலைக்கு வரி 119 சதவீதம். 1784இல் பிரிட்டன் வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தது, கள்ள வியாபாரம் படுத்துவிட்டது. இந்தக் கொழுத்த காலத்தில்தான் தரங்கம்பாடியில் பெரிய வீடுகள் எழுந்தன. ஆளுநர் கோட்டைக்குள் புழுங்கிக் கிடக்க மனமில்லாமல் எதிரே மைதானத்துக்கு அப்பால் மாளிகைக்குக் குடிபெயர்ந்தார். ஊர் வாசலில் 1792 என்று ஆண்டு பொறித்த வெள்ளை வளைவு இன்றும் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்களை வரவேற்கிறது. அதன் உள்ளே போகிற தெரு கோங்கன்ஸ்கேட, நம் பேச்சில் ராஜா வீதி.

தேயிலைக் கப்பலில் அடித்தட்டில் பாரத்துக்காக அடுக்கியது பீங்கான். ஈரம் பட்டாலும் கெடாது, கனம் கொடுக்கும், கரை சேர்ந்தால் தேயிலையோடு சேர்த்து விற்றுவிடலாம். டேன்ஸ்போர்க் அருங்காட்சியகத்தில் சீனத் தேயிலை ஜாடிகளும் பீங்கான் சாமான்களும் இருப்பதில் ஆச்சரியமில்லை. அவற்றின் பக்கத்திலேயே வாள், குத்துவாள், ஈட்டி, சிறு பீரங்கிக் குண்டுகள், டேனிஷ் கையெழுத்துப் பத்திரங்கள், சுதைப் பொம்மைகள், திமிங்கில எலும்புகூட உண்டு. பார்க்க வருகிற பிள்ளைகள் வாளிடமும் எலும்பிடமும் நிற்பார்கள். பீங்கான் ஊரிலிருந்து போகிறவர்கள் ஜாடியிடம் நிற்பார்கள்.

என் மைத்துனர் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் மோல்டு வேலை பார்க்கிறவர். கோட்டை வரலாறு எதிலும் ஈடுபாடு காட்டாமல் வந்தவர், ஜாடி முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"இது மோல்டுல ஊத்துனது இல்ல மாமா. சக்கரத்துல வச்சி வனஞ்சது. அடிய பாருங்க, சுத்தி கிளேஸ் ஏறல."

"ஏன் அங்க மட்டும் விட்டுட்டாங்க?"

"கிளேஸ் சூளைல உருகும்ல. அடியிலயும் பூசுனா தட்டோட ஒட்டிக்கும், எடுக்கும்போது பேந்துடும். நாங்களும் அடிய தொடச்சிட்டுதான் அடுக்குவோம்."

கப்பலில் கிளம்பியவர்களில் பாதிக்கு மேல் வழியில் செத்தார்கள் என்று நான் சொன்னதும் திரும்பிப் பார்த்தார். "நூத்துக்கு அம்பது சேதாரமா? எங்க சூளைல பத்து போனாலே முதலாளி ரெண்டு நாளைக்கு யார்கூடயும் பேச மாட்டாரு." அதற்கு அடுத்து அவர் கேட்டது ஜாடியைப் பற்றித்தான்: எவ்வளவு டிகிரியில் சுட்டிருப்பார்கள்? சீனாவின் அசல் பீங்கானுக்கு 1,300 டிகிரி செல்சியஸ் பக்கம் வேண்டும். அந்தச் சூடும் அதற்கேற்ற வெள்ளைக் களிமண்ணும் என்னவென்று ஐரோப்பாவுக்கு வெகுகாலம் பிடிபடவில்லை. ஜெர்மனியின் மைசெனில் 1710இல்தான் ஆலை வந்தது. டென்மார்க் தன் சொந்த ஆலையை, இன்றும் பேர்போன ராயல் கோபன்ஹேகனை, 1775 மே 1இல் தொடங்கியது. அதாவது தரங்கம்பாடியில் கல் வீடு கட்டி 155 ஆண்டு கழித்து. அதுவரை பீங்கானுக்கு அவர்கள் கொடுத்ததெல்லாம் இறக்குமதிச் செலவுதான்.

நல்ல காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஐரோப்பாவில் டென்மார்க்குக்கும் பிரிட்டனுக்கும் முறைத்துக்கொண்டபோதெல்லாம் இங்கே பழி விழுந்தது. 1801இல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியை எடுத்துக்கொண்டு பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 1808இல் மறுபடியும் எடுத்து 1815 வரை ஏழு ஆண்டு வைத்திருந்தார்கள். பெரிய சண்டை ஏதும் நடக்கவில்லை. கோங்ஸ்பக்கே தனியாளாகக் காத்த கோட்டை, சம்பளப் பட்டாளம் இருந்த காலத்தில் கேட்டதும் கொடுக்கப்பட்டது. திரும்பி வந்தபோது வியாபாரம் வேறு துறைமுகங்களுக்குப் போயிருந்தது. லங்காஷயர் மில் துணி வந்தபின் சோழமண்டலக் கரைத் துணிக்கு ஐரோப்பாவில் கேட்பாரில்லை.

1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். தரங்கம்பாடி, கல்கத்தாவுக்கு அருகே செராம்பூர், ஒரிசாவில் பாலசோர் மூன்றும் சேர்த்து விலை 12.5 லட்சம் ரூபாய். இங்கே என் கணக்குப் பித்து கொஞ்சம் முற்றியது. ஒரு பாக்கியும் விடாமல் 225 ஆண்டும் 3,111 கட்டியிருந்தால் மொத்தம் 6,99,975 ரூபாய், ஏழு லட்சத்துக்கு 25 குறைவு. விற்ற விலையோ, ஆண்டுக் குத்தகையைப் போல 401 மடங்குக்கு மேல். குத்தகைக்கு எடுத்த வயலைக் குத்தகைதாரரே கிரயம் செய்து கொடுத்த கதை இது. ரகுநாத நாயக்கரின் வம்சம் அப்போது இல்லை. நாயக்கருக்குப் பின் வந்த மராத்திய அரசுக்கும் கோட்டையும் சுற்றுவட்டமும் தவிர அதிகாரம் மிச்சமில்லை. கேட்க ஆளில்லாததால் கிரயப் பத்திரத்தில் நில உடைமைக்காரர் கையெழுத்து தேவைப்படவில்லை.

டென்மார்க் விற்ற மற்றவற்றோடு பார்த்தால் இது நல்ல விலை. அன்றைய மாற்று விகிதத்தில் 12.5 லட்சம் ரூபாய் ஏறக்குறைய 1,25,000 பவுண்ட். ஐந்தே ஆண்டு கழித்து, 1850இல், ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் தன் கோட்டைகளை எல்லாம் பிரிட்டனுக்கு 10,000 பவுண்டுக்குக் கொடுத்தது. இன்றைய கானாவின் அக்ராவில் இருக்கும் கிறிஸ்டியன்ஸ்போர்க் அதில் ஒன்று. அடிமை வியாபாரத்தை நம்பிக் கட்டிய கோட்டைகள். அந்த வியாபாரம் சட்டப்படி நின்றபின் அவற்றுக்கு விலை இல்லை. நிக்கோபார் தீவுகளின் உரிமையை 1868இல் விட்டுக்கொடுத்தது. கரீபியக் கடலில் இருந்த தீவுகளை 1917இல் அமெரிக்காவிடம் 2.5 கோடி டாலர் தங்கத்துக்கு விற்றது. அதுதான் உண்மையான லாபம்.

வாங்கியவர்களுக்குக் கோட்டை தேவைப்படவில்லை. 1845 முதல் 1860 வரை தஞ்சாவூர் மாவட்டத்தின் தலைமையிடம் தரங்கம்பாடியில் இருந்தது. பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரமும் அங்கே போயிற்று. மயிலாடுதுறையிலிருந்து 1926இல் தரங்கம்பாடிக்கும் ரயில் போட்டார்கள்; நல்ல வருமானம் கண்டதில்லை, 1980களின் நடுவில் நிறுத்திவிட்டார்கள். கோட்டை நூற்றாண்டுக்கு மேல் பயணிகள் பங்களாவாகக் கிடந்தது. 1978இல் தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டே அருங்காட்சியகம் வைத்தது. 2000க்குப் பிறகு டென்மார்க்கின் தரங்கம்பாடிச் சங்கத்தார் உதவியோடு பழுதுபார்த்தார்கள். எதிரே இருந்த ஆளுநர் மாளிகையை டேனிஷ் தேசிய அருங்காட்சியகம் செப்பனிட உதவி 2011இல் முடித்தது. பங்களாவாக இருந்த காலத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. ஆட்கள் தங்கிய கட்டடத்துக்குக் கூரை ஒழுகினால் யாராவது புகார் எழுதுவார்கள், யாராவது ஓடு மாற்றுவார்கள். புனித டேவிட் கோட்டைக்கு அப்படி ஒரு சில்லறைச் செலவு செய்ய ஆளில்லாமல் போயிற்று.

இன்றைய செலவுக் கணக்கில் பெரிய தலைப்பு கடல். கோட்டைக்கு வடக்கே சில நிமிட நடையில் மாசிலாமணிநாதர் கோவில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306 வாக்கில் எழுந்தது. கோட்டையைவிட 314 வயது மூத்தது. அதன் முன்பகுதி கடலுக்குள் போய்விட்டது. கரையில் கருங்கல் கொட்டித்தான் மிச்சத்தைக் காத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தரங்கம்பாடி மீனவர் தெருக்கள் பட்டபாடு தெரிந்ததே. கல் கொட்டும் செலவு ஒருமுறை செய்து முடிகிற செலவு இல்லை. போர்த்துக்கீசியரையும் நாயக்கர் படையையும் குத்தகை கட்டியோ பேசியோ சமாளித்தார்கள். கடலிடம் அது நடக்காது.

போய்வரும் செலவு. நூறு கிலோமீட்டர் போக, நூறு வர. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தருகிற மோட்டார் சைக்கிளில் 4 லிட்டர், பெட்ரோல் இன்று விற்கிற நூறு ரூபாய்ச் சொச்சத்தில் 400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கார் என்றால் லிட்டருக்கு 15 வைத்து 1,400 பக்கம். பஸ்ஸில் விருத்தாசலம், சிதம்பரம், சீர்காழி என்று மாறிப் போவதுதான் மலிவு. பொழுதுதான் கூடச் செலவாகும். நுழைவுக் கட்டணம் வெகுகாலம் பெரியவருக்கு 5 ரூபாயாகவே இருந்தது. அந்தக் கட்டணத்தில் 622 பேர் உள்ளே போனால் ரகுநாத நாயக்கரின் ஓராண்டுக் குத்தகையில் ஒரு ரூபாய் குறைய வசூலாகிவிடும். ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமைக்கு அது முடியாத எண்ணிக்கை இல்லை. ஆனால் காரைபூசக் கடுக்காய்ச் சுண்ணாம்பு அரைத்து, கொத்தனாருக்குக் கூலி கொடுத்து, கடல் உப்பு தின்ற சுவரைத் திரும்பப் பூச அந்த வசூல் எத்தனை முழத்துக்கு எட்டும்?

அதே தூரத்தில் வடக்கே போனால் செஞ்சி. மூன்று மலை, அவற்றை இணைத்து ஓடும் 13 கிலோமீட்டர் மதில், 800 அடி ராஜகிரி. 1690 முதல் 1698 வரை சுல்ஃபிகர் கான் முகலாயப் படையோடு எட்டு ஆண்டு சுற்றி உட்கார்ந்திருந்த கோட்டை. 2025 ஜூலையில் மராத்தியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருக்கிறது. போர்க்கோட்டை பார்க்க வேண்டும், மலை ஏற முழங்கால் ஒத்துழைக்கும் என்கிறவர்கள் அங்கே போகலாம். காசும் ஜாடியும் பத்திரமும் பார்க்க வேண்டும், கணக்குப் பார்க்கும் பழக்கமும் உண்டு என்றால் தரங்கம்பாடி. வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அன்றைக்கு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.